டிவி த்ரில்லர்களில் வரும் ஆபீஸ் காதல் வெறி: எங்கள் மலைப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் கொழுந்துக் கணக்கு எழுதுகிறேன். பெண்களின் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிலும் 9 வருடமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டால் லைன் வீடு என்கிற தொழிலாளர் குடியிருப்புப் பெண்களும் ஆபீஸ் பெண்களும் எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் தமிழில் டப் செய்த அமெரிக்க டிவி படங்கள்தான். கூட வேலை செய்கிறவர் மேல் ஒருவருக்கு ஆசை வரும், ஆசை வெறியாகும், கடைசியில் கத்தி வரும். படம் முடிந்து டீ போடும்போது கேள்விகள் ஆரம்பிக்கும். சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். ஆனால் அதே கேள்வியை அடுத்த வாரம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி மறுபடி கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இந்தப் படங்கள் தியேட்டரில் வந்தவையா?

இல்லை, டிவிக்கென்றே எடுத்தவை. அமெரிக்காவில் ஏபிசி சேனல் 1969இல் வாரம் ஒரு புதுப் படம் என்று 'மூவி ஆஃப் தி வீக்' வரிசையைத் தொடங்கியது. விளம்பரத்தோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். விளம்பரத்தைக் கழித்தால் படம் 75 நிமிடம் வந்தாலே அதிகம். ஸ்பீல்பெர்க் 1971இல் அதே சேனலுக்கு எடுத்த 'டூயல்' படத்தில் ஒரு டேங்கர் லாரி காரணமே சொல்லாமல் ஒரு காரைத் துரத்திக்கொண்டே வரும். துரத்துவது டிவிக்கு எவ்வளவு பொருத்தமான கதை என்று அப்போதே தெரிந்துவிட்டது. 1984இல் பெண்களை மனதில் வைத்து லைஃப்டைம் என்ற சேனல் வந்தது. 1990களில் அது சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், ஆபீஸ் சகா என்று யாரை நம்பினாலும் ஆபத்து என்கிற கதைகள் பெருகின.

எல்லாப் படமும் ஒரே அச்சில் இருக்கிறதே, ஏன் அக்கா?

விளம்பரம்தான் முதல் காரணம். விளம்பரம் வரும்போது நீங்கள் வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது. அதனால் ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் ஒரு அதிர்ச்சி வைத்தே ஆக வேண்டும். முதல் இடைவேளைக்கு முன்னால் ஒரு பார்வை. அடுத்ததற்கு முன்னால் அவள் வீட்டுச் சாவி அவன் கையில். அதற்கடுத்து நாய்க்குட்டி செத்துக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு படி ஏறியாக வேண்டும் என்பதால் அந்த ஆளின் வெறியும் கடிகாரம் பார்த்து ஏறுகிறது.

பணம் இன்னொரு காரணம். ஆபீஸ் என்றால் ஒரு தளம், நாலு மேஜை, ஒரு கண்ணாடி அறை, ஒரு லிஃப்ட், ராத்திரி ஆளில்லாத கார் நிறுத்துமிடம், இவ்வளவு போதும். சில வாரத்தில் எடுத்து முடித்துவிடலாம். அதோடு, பிடிக்காத ஒருவரை வேலையிடத்தில் தினமும் பார்த்தே ஆக வேண்டும். நடுரோட்டில் ஒருவன் தொல்லை கொடுத்தால் வேறு ரோட்டில் போகலாம். பக்கத்து மேஜைக்காரன் என்றால் எங்கே போவது? கதாசிரியருக்கு அது சௌகரியம், நமக்கு அதுதான் உயிர் போகிற இடம்.

இதனால் ஒரு கெட்ட பழக்கம் நமக்கு வந்துவிடுகிறது. தொல்லை என்றால் அது நாளுக்கு நாள் ஏற வேண்டும் என்று மனது எதிர்பார்க்கிறது. ஏறவில்லை என்றால், 'இது ஒன்றும் பெரிய விஷயமில்லை போல' என்று நினைத்துக்கொள்கிறோம். நான் விசாரித்த புகார்களில் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஒரே மாதிரி, ஒரே அளவில், எட்டு மாதம், பத்து மாதம் என்று ஓடியவை. அந்தப் பெண்கள் தூக்கமில்லாமல் உடம்பு இளைத்துப்போனார்கள். படமாக எடுத்தால் முதல் விளம்பரத்திலேயே சேனல் மாற்றிவிடுவார்கள், அவ்வளவு சாதாரணமாக இருக்கும் வெளியிலிருந்து பார்த்தால்.

கடைசியில் வில்லியைச் சுட்டுக் கொல்கிற முடிவு எங்கிருந்து வந்தது?

1987இல் தியேட்டருக்கு வந்த 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' படம்தான் இதற்கெல்லாம் பெரிய முன்மாதிரி. கல்யாணமான வக்கீல் ஒருவர், வேலை விஷயமாகப் பழக்கமான பதிப்பகப் பெண்ணோடு ஒரு வார இறுதி கழிக்கிறார். அவள் விட மறுக்கிறாள். முதலில் எடுத்த முடிவில் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வாள், பழி அவர் மேல் விழும். வெளியீட்டுக்கு முன் பார்த்த ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று விரும்பினார்கள். மனைவி துப்பாக்கியால் சுடுகிற மாதிரி முடிவைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பாத்திரத்தில் நடித்த க்ளென் க்ளோஸ் இந்த மாற்றத்தை எதிர்த்தார். ஆனால் படம் ஓடு ஓடென்று ஓடியது, டிவி படங்கள் அந்த முடிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

எனக்கு முதல் முடிவே சரியென்று படுகிறது. அதில் அவள் மனுஷியாக இருந்தாள்.

இதெல்லாம் உண்மையில் நடக்குமா?

ஒரு டிவி படத்தையே சொல்கிறேன். 1993இல் ப்ரூக் ஷீல்ட்ஸ் நடித்து வந்த 'ஐ கேன் மேக் யூ லவ் மீ'. 'உன்னை என்னைக் காதலிக்க வைக்க என்னால் முடியும்' என்று அர்த்தம். இது நடந்த கதை. கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மின்னணு நிறுவனம். அங்கே வேலைக்கு வந்த ஓர் இளம் பெண் பொறியாளரை 1984இல் ஒருவன் பார்க்கிறான். கூட வேலை செய்கிறவன். வெளியே வரச் சொல்லிக் கூப்பிடுகிறான், அவர் மரியாதையாக மறுக்கிறார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு. அதற்குப் பிறகு 4 வருடம், நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள். அவர் வீடு மாறுவார், இவன் விலாசம் கண்டுபிடிப்பான். அவர் உடற்பயிற்சிக்குப் போனால் அங்கே நிற்பான். 1986இல் நிறுவனம் இவனை வேலையிலிருந்து நீக்கியது. அப்போதும் நிற்கவில்லை. 1988 பிப்ரவரி ஆரம்பத்தில் அவர் நீதிமன்றம் போய், கிட்டே வரக் கூடாதென்று தற்காலிகத் தடை வாங்கினார். விசாரணை 17ஆம் தேதி. 16ஆம் தேதி இவன் துப்பாக்கிகளோடு ஆபீஸுக்குள் புகுந்து 7 பேரைக் கொன்றான். 4 பேருக்குக் காயம், அவரும் அதில் ஒருவர். பிழைத்துக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் துப்பாக்கியில் போய் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்த 4 வருடம்தான் கண் முன் நிற்கிறது. எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! மேலதிகாரிக்கு, பக்கத்து மேஜைக்காரருக்கு, வீட்டு உரிமையாளருக்கு. இதுபோன்ற சில கொலைகளுக்குப் பிறகுதான் 1990இல் கலிஃபோர்னியா, பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் அதுவே முதல்.

அவன் 'சைக்கோ'தானே?

இந்தச் சொல்லை எங்கள் கூட்டத்தில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. அவர்கள்தான் மற்றவர்களால் அதிகம் துன்பப்படுகிறார்கள். 'சைக்கோ' என்று தேட ஆரம்பித்தால் முழித்த கண்ணையும் விகாரச் சிரிப்பையும் தேடுவோம். தலை வாரி, நெற்றியில் திருநீறு வைத்து, வேலையில் ஒரு குறை இல்லாமல் இருப்பவன் தப்பித்துவிடுவான்.

நோயாகவே இருப்பதும் உண்டு. பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர் தன்னைக் காதலிக்கிறார், வெளியே சொல்ல முடியாமல் ஜாடை காட்டுகிறார் என்று அசைக்க முடியாமல் நம்புவது. க்ளெராம்போ என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1921இல் இதை விரிவாக எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். அபூர்வமான நோய், அதற்கு வைத்தியமும் உண்டு. டிவி படங்கள் இந்த ஒன்றையே திரும்பத் திரும்ப எடுக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் பால் மல்லன் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் 1999இல் பின்தொடர்பவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதிகம் பேர் உறவு முறிந்ததைத் தாங்காதவர்கள்: பழைய காதலர், பிரிந்த கணவர். கை நீட்டுவதும் இவர்கள்தான் அதிகம், இதை மறக்கக் கூடாது. நெருக்கம் தேடி மனக்கோட்டை கட்டுகிறவர்கள் ஒரு வகை. ஆசையை எப்படிச் சொல்வது, மறுப்பை எப்படி ஏற்பது என்றே தெரியாதவர்கள் இன்னொரு வகை. பழி தீர்க்கிறவர்களும் வேட்டை போல் பதுங்கிப் பார்க்கிறவர்களும் மிச்சம். என் அனுபவத்தில் தொழிற்சாலையிலும் ஆபீஸிலும் வருவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வகை. ஆனால் தொல்லை அனுபவிக்கிறவளுக்கு வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அது நிற்க வேண்டும்.

நம்ம சினிமாவில் ஹீரோ பின்னாடியே சுத்தினால் காதல். டப்பிங் படத்தில் சுத்தினால் த்ரில்லர். எப்படி?

இதைக் கேட்டது 19 வயதுப் பெண், பேக்கிங்கில் வேலை. நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. பின்னணி இசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதே பஸ் ஸ்டாப், அதே முறைப்பு, அதே 'நீ சொல்ற வரைக்கும் விடமாட்டேன்'. வயலின் போட்டால் டூயட்டுக்குப் போகும், தாழ்ந்த குரலில் ஒரு ரீங்காரம் போட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். நம் படங்கள் பல வருடமாக வயலினையே போட்டுவிட்டன. பையன்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும் காது அப்படியே பழகிவிட்டது.

ஆனால் தமிழுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஒருதலைக் காதலுக்குத் தொல்காப்பியம் கைக்கிளை என்று பெயர் வைத்து, இருவர் மனமும் ஒத்த ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. அதன் இலக்கணம் என்ன தெரியுமா? 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. பதில் சொல் கிடைக்காதவன் தானே பேசித் தானே மகிழ்வது. நூற்றுக்கும் மேற்பட்ட கடிதம் எழுதினவனை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? பனைமடலில் குதிரை செய்து ஏறித் தெருவில் வந்து, பெண்ணைக் கொடுக்கும்படி ஊரையே நெருக்குகிற மடலேறுதலைப் பொருந்தாக் காதலான பெருந்திணையில் போட்டது. நாம் இருப்பதோ குறிஞ்சி நிலம். குறிஞ்சிக்கு உரியது புணர்தல், இருவரும் விரும்பிச் சேர்வது. இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

டிவி படத்தில் பாதிக்கு மேல் பெண்தானே வெறி பிடித்து அலைகிறாள்?

ஆமாம். நிஜத்தில் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், துன்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1987 படத்தின் செல்வாக்கு ஒரு காரணம். பெண் வில்லி என்றால் வித்தியாசமாக இருக்கும் என்பது இன்னொன்று. ஆண்கள் இதில் பாதிக்கப்படுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் ஒரு இளம் டீ மேக்கர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்.

நம்ம மலையில் நடந்ததுண்டா? உங்களுக்கு?

உண்டு. 1999, எனக்கு 24 வயது. இப்போது இருக்கும் இடம் இல்லை, வேறொரு தொழிற்சாலை. சிறு விவசாயிகள் கொண்டுவரும் கொழுந்துக்கு எடை பார்த்துச் சீட்டு எழுதும் வேலை. ஆடி மாதம் பேரிக்காய் சீசன். ஒருநாள் காலையில் என் பேரேட்டின் மேல் ஒரு பேரிக்காய் இருந்தது. குன்னூர் ஏலத்துக்கு டீ சாம்பிள் கட்டி அனுப்புகிற பழுப்புத் தாளில் சுற்றியிருந்தது. யாரோ அக்கா வைத்திருப்பார்கள் என்று சாப்பிட்டும்விட்டேன். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் தாளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உள்பக்கம் பென்சிலில் தேதி எழுதியிருப்பதைக் கண்டேன். வேறு ஒரு எழுத்து இல்லை. தேதி மட்டும், பள்ளிக்கூடப் பிள்ளை போல் அழகான கையெழுத்தில்.

தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் ரூமில் சூப்பர்வைசராக இருந்தவர்தான் என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. நல்லவர் என்று பெயர். பீடி, சிகரெட் கிடையாது. "எனக்கு வேண்டாம் அண்ணா, இனிமே வைக்காதீங்க" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் பேரிக்காய் இருந்தது.

கீழே கோயமுத்தூரில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. மலையில் ரோடு ஒன்றுதான். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் ஆறே முக்கால். அதற்குள் இருட்டிவிடும், கரடி நடமாட்டம், காட்டுமாடு குறுக்கே நிற்கும், குறுக்குப் பாதையில் நடந்து போக முடியாது. அவரும் ஐந்தரை பஸ்ஸில்தான். எனக்குப் பின் சீட். நான் கடைசி பஸ்ஸுக்கு மாறினேன். இரண்டாம் நாள் அவரும் மாறிவிட்டார். பேச மாட்டார், தொட மாட்டார். கட்டபெட்டில் நான் இறங்கும்போது, அவர் ஊர் இன்னும் மேலே என்றாலும், அவரும் இறங்கி எதிர்ப்பக்கம் நிற்பார். பஸ் போன பிறகு மூடுபனியில் அந்தக் குடை மட்டும் தெரியும். நான் வீட்டுப் படி ஏறும்வரை அது நகராது.

யாரிடம் சொன்னாலும், "பாவம், நல்ல பையன், என்ன குறைச்சல்?" என்றார்கள். என் அம்மாவே கேட்டாள். பேரிக்காயைத் தேயிலைச் செடிக்குள் எறிந்துவிடுவேன், தாளை மட்டும் ஏனோ சீட்டுப் பெட்டியில் போட்டு வைத்தேன். ஒருநாள் துணிந்து மேனேஜர் மேஜையில் 37 தாளையும் வரிசையாகப் பரப்பினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஏம்மா, பேரிக்காய் கொடுத்தது ஒரு குத்தமா?" என்றார். அடுத்த திங்கட்கிழமை என்னைத்தான் வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ராத்திரி ஷிப்ட் கணக்கு. சம்பளத்தில் படியும் குறைந்தது.

நின்றது எப்படி என்றால், கொழுந்துப் பை தூக்கும் ஒரு வயதான அக்கா, சிலோனிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பம், ஒரு சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி அவரைப் பார்த்து, பஸ்ஸே கேட்கும்படி, "தம்பி, இந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டுது. எங்களுக்கெல்லாம் தெரியும். ஒன் ஊர்ல போய் எறங்கு" என்றார். திட்டவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு தினமும் என்னோடு உட்கார்ந்து வந்தார். இரண்டு மாதத்தில் அந்த சூப்பர்வைசர் வேறு வேலைக்குக் கீழே போய்விட்டார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. டிவிக்கு இது கதையே ஆகாது. ஆனால் அந்தக் குடையை நான் பல வருடம் கனவில் பார்த்தேன்.

'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு முறை, தெளிவாக, காரணம் சொல்லாமல். "எனக்கு விருப்பம் இல்லை. இனிமே மெசேஜ் அனுப்பாதீங்க, எதுவும் கொடுக்காதீங்க." காரணம் சொன்னால் அவர் காரணத்தைத் தீர்க்கக் கிளம்பிவிடுவார். 'வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க' என்றால் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். 'இப்போ கல்யாண யோசனை இல்லை' என்றால் காத்திருப்பார். அதற்குப் பிறகு பதில் போடாதீர்கள். 30 மெசேஜுக்குப் பிறகு பொறுக்காமல் ஒரு பதில் போட்டால், 30 அனுப்பினால் ஒன்று வரும் என்று அவர் கற்றுக்கொள்வார். நான் அண்ணா என்று கூப்பிட்டுச் சொன்னதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நம் வாயில் அப்படித்தான் வரும். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லக் கூடாது என்று பின்னால் கற்றுக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? லைன் வீட்டுப் பெண்ணுக்கும் உண்டா?

உண்டு. 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பில் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு வழிமுறைகள் வகுத்தது. நான் 37 தாளைப் பரப்பியபோது அது வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, மலையில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2013இல் அது முழுச் சட்டமாகி, டிசம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடம், அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஊட்டி வரை அலைய வேண்டியதில்லை. தாலுகாவிலும் வட்டாரத்திலும் நகராட்சியிலும் புகார் வாங்க ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும், அவர் 7 நாளில் குழுவிடம் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம். தற்காலிகம், தினக்கூலி, கான்ட்ராக்ட், வீட்டு வேலை எல்லோருக்கும் பொருந்தும். கம்பெனி விடும் வண்டியும் வேலையிடம்தான்.

கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதென்றால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை நீங்கள் எழுதிக் கேட்டால் அவரையோ உங்களையோ இடம் மாற்றலாம், 3 மாதம் வரை விடுப்பும் தரலாம். எங்கள் குழுவில் நான் எப்போதும் அவரை மாற்றுவதைத்தான் முதலில் பேசுவேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சமரசம் பெண் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. பெயரையும் விவரத்தையும் வெளியே விடக் கூடாது. நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப் புகார் ஆகிவிடாது. இந்தப் பயத்தில் எத்தனை பேர் வாய் திறப்பதில்லை!

பின்தொடர்வது தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்பு கொள்வது அதில் வரும். அவள் இணையத்திலோ போனிலோ என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் வரும். சிறைத் தண்டனை உண்டு. திரும்பச் செய்தால் தண்டனை கூடும், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. அந்தத் தெளிவான 'வேண்டாம்' ஏன் முக்கியம் என்பதற்கு இதுவும் காரணம்.

ஆண்கள் எங்கே போவது?

இந்த இரண்டு சட்டத்திலும் புகார் தரும் இடம் பெண்ணுக்குத்தான். ஆனால் மிரட்டல், அவதூறு போன்றவற்றுக்குப் பொதுவான பிரிவுகள் இருக்கின்றன, நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளும் இருக்கின்றன. அந்த டீ மேக்கர் தம்பிக்கு அப்படித்தான் வழி செய்தோம். நோட்டு எழுதச் சொன்னதும் அவருக்கும்தான்.

இப்போதே ஆபத்து என்றால்?

112. பெண்களுக்கான உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும். சிக்னல் கிடைக்காத இறக்கத்தில் வீடு என்றால் எங்கே நின்றால் போன் போகும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

எனக்கே ஒருவர் மேல் அப்படி இருக்கிறது. நானும் அந்தப் படத்து வில்லி மாதிரியா?

இதைத் தனியாக வந்து கேட்டவள் முகம் எனக்கு மறக்காது. இல்லை கண்ணு. ஒருவரை நினைத்துக்கொண்டே இருப்பது, அவர் ஒரு வார்த்தை பேசினால் நாளெல்லாம் மிதப்பது, பேசாவிட்டால் சோறு இறங்காமல் போவது இதெல்லாம் குற்றம் இல்லை. டாரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் பலரிடம் பேசி, இந்த நிலைக்கு லிமரன்ஸ் என்றே பெயர் வைத்து 1979இல் புத்தகம் எழுதினார். அவர் கவனித்த ஒன்று: இதற்குத் தீனி நிச்சயமின்மை. 'ஒருவேளை இருக்குமோ' என்ற நூலில்தான் அது தொங்கிக்கொண்டிருக்கும். தெளிவான பதில் தெரிந்தால் வலிக்கும், பிறகு மெல்ல அடங்கும்.

உன் மனதுக்குள் இருப்பது உன்னுடையது. அவர் வேண்டாமென்று சொன்ன பிறகு அவருடைய பஸ்ஸும் மேஜையும் போனும் அவருடையவை. அங்கே கால் வைக்காமல் இருக்க முடியவில்லை, ராத்திரி அவர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே விடிகிறது என்றால், அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேள், நான் கூட வருகிறேன். அவளோடு போகவும் செய்தேன்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்க்கலாமா?

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளோடு பார்க்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே. பையன்கள் இருந்தால் கட்டாயம் உட்கார வையுங்கள்.

எந்தப் படம் நல்ல படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கதாநாயகியையும் துரத்துகிறவனையும் விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்ப்பேன். ரிசப்ஷனில் இருப்பவள், மேலதிகாரி, அவளுடைய தோழி. மட்டமான படத்தில் இவர்கள் ஒன்று அவளை நம்ப மாட்டார்கள், அல்லது நம்பிய அடுத்த காட்சியில் செத்துவிடுவார்கள். அவள் தன்னந்தனியாக நின்றால்தான் கடைசிச் சண்டை எடுபடும் என்று கதாசிரியர் ஒவ்வொருவராகக் கழற்றிவிடுகிறார். யாராவது ஒருவர் அவளை நம்பி, கடைசிவரை உயிரோடு பக்கத்தில் இருக்கிற படம் எப்போதாவது வரும். வந்தால் நான் போன் போட்டு எல்லோரையும் கூப்பிடுவேன்.

அந்த 37 தாள் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வருடத்தில் ஒருநாள் வகுப்பு எடுப்போம், அப்போது கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுப்பேன். பெயரை யார் கேட்டாலும் சொல்வதில்லை. ஈரத்தில் ஓரங்கள் கறுத்துவிட்டன. பென்சில் எழுத்து மங்கினாலும் சாய்த்துப் பிடித்தால் தேதி தெரிகிறது.